பக்கீரப்பா ரத்து செய்த விடுமுறை

பசவனகொப்பாவில் பக்கீரப்பா என்ன வேலை செய்கிறார் என்று யாரைக் கேட்டாலும் கொஞ்சம் யோசிப்பார்கள். நிலம் இருந்தது, குத்தகைக்கு விட்டாயிற்று. மாடு இருந்தது, விற்றாயிற்று. வாலிபத்தில் ஒரு தடவை பருத்தி வியாபாரம் பண்ணப் போகிறேன் என்று ராணிபென்னூருக்குப் பஸ் ஏறினார். வெயில் தாங்கவில்லை என்று அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தார். அதற்குப் பிறகு வேலை என்று சொல்லி அவர் எந்தப் பஸ்ஸும் ஏறவில்லை.

வீட்டை ஓட்டியது மனைவி நீலவ்வா. ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைப்பவள் அவள்தான். விடியற்காலையில் நாலு வீட்டுக்குச் சோள ரொட்டி தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போவாள். அவள் தட்டிய ரொட்டியைத் தின்றுவிட்டு, அவள் துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஹாலப்பாவின் மிளகாய் பஜ்ஜிக் கடை பெஞ்சில் போய் உட்காருவார் பக்கீரப்பா. உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டார்.

உட்கார்ந்து என்ன செய்வார்? ஊரில் யாரெல்லாம் சும்மா இருக்கிறார்கள் என்று கண்காணிப்பார். தபால்காரர் மர நிழலில் சைக்கிளை நிறுத்தினால் இவருக்கு வயிறு எரியும். லைன்மேன் இரண்டாவது டீ குடித்தால் பொறுக்காது. "அரசாங்க உப்பைத் தின்னுட்டு ஒருத்தனாவது வேலை செய்யறானா பாருப்பா" என்பார், பஜ்ஜியை மென்றுகொண்டே. பஜ்ஜிக்குக் காசு நீலவ்வா மாதக் கடைசியில் கொடுப்பாள்.

இப்படிப்பட்டவரைத்தான் ஊர் பள்ளிக் குழுவுக்குத் தலைவராக்கி வைத்திருந்தது. பெரிய மரியாதையெல்லாம் இல்லை. கூப்பிட்ட நேரத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேறு யாருக்கும் ஒழிவதில்லை, அவ்வளவுதான். ஆனால் 'தலைவரே' என்று யாராவது கூப்பிட்டால் அவர் முதுகு தானாக நிமிரும். வாழ்க்கையில் அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. மேடையில் ஏற்றி, சால்வை போர்த்தி, மைசூர்த் தலைப்பாகை வைத்து, பழக்கூடையைக் கையில் கொடுத்து ஒருநாள் தன்னை யாராவது கௌரவிக்க வேண்டும். எதற்காகக் கௌரவிப்பார்கள் என்று அவர் யோசித்ததில்லை.

கொரோனாவில் இரண்டு வருஷம் பள்ளி மூடிக் கிடந்தது. ஒரே டீச்சர் சுமங்களா. அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. பசவண்ணர் கோயில் நிழலில் பிள்ளைகளை இடம் விட்டு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அதையும் நிறுத்தச் சொன்னபோது, காய்ச்சல் கணக்கு எடுக்க வீடு வீடாக ஏறினார். ஊர் எல்லையில் நின்று வந்து போகிறவர்களின் நெற்றியில் கருவியை நீட்டினார். பக்கீரப்பா இவ்வளவையும் பெஞ்சிலிருந்து பார்த்தார். உடம்பு கதகதவென்று இருக்கிறது என்று இரண்டு தடவை தன் நெற்றியையும் காட்டினார். அப்புறமும் கூசாமல் சொன்னார்: "ரெண்டு வருஷம் வீட்ல உக்காந்து சம்பளம். குடுத்து வச்சவங்க."

பள்ளி திறந்து பார்த்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தே மறந்து போயிருந்தது. அது பொய்யில்லை. கோடை விடுமுறையில் பாடம் நடத்துவதா வேண்டாமா என்று அந்தந்த ஊர்க் குழு கூடி முடிவு செய்யலாம் என்று தாலுகா அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. பக்கீரப்பாவுக்கு ஜென்ம சாபல்யம். கோயில் மைக்கை வாங்கி வந்து பள்ளி வாசலில் கட்டினார். நாற்பது பேர் கூடின கூட்டத்துக்கு மைக் எதற்கு என்று கேட்கக்கூடாது.

"லீவு ரத்து," என்றார் எடுத்த எடுப்பில். "ரெண்டு வருஷம் லீவு எடுத்தாச்சு. இன்னும் என்ன லீவு?"

கூட்டம் கை தட்டியது. ஹாலப்பா பலமாகத் தட்டினான். அவனுக்கு மூன்றாம் வகுப்பில் இரட்டைப் பிள்ளைகள்.

சுமங்களா எழுந்தார். "தலைவரே, எங்கப்பாவுக்கு உடம்பு சரியில்ல. தார்வாட்ல பெட்ல இருக்காரு. ரெண்டு வருஷமா போயி பத்து நாள் சேந்தாப்ல இருந்ததில்ல. இருந்தாலும் பிள்ளைங்க நெலம எனக்குத்தான் உங்களவிட நல்லாத் தெரியும். பாதி லீவு நடத்தறேன், பாதி விடுங்க."

"பாதியெல்லாம் வேணாம் மேடம். முழுசு."

"நடுவுல எனக்கு முடியலன்னா?"

இங்கேதான் பக்கீரப்பாவின் அறிவு பளிச்சிட்டது. "உங்க வீட்டுக்காரரும் வாத்தியார்தானே? அனுப்புங்க. எங்க நீலவ்வா லீவு போட்டா என்ன பண்றா? வீட்லருந்து ஆள் அனுப்பறா. எம் பொண்ணு கல்யாணம் ஆகிப் போற வரைக்கும் அவதான் வந்து கரண்டி புடிச்சா. சமையக்காரிக்கு ஒரு சட்டம், டீச்சருக்கு ஒரு சட்டமா? யாரு வரலன்னாலும் அவங்கவங்க வீட்லருந்து ஆள் வரணும். இதான் முடிவு."

அதற்கும் கை தட்டினார்கள். சுமங்களா அடுத்ததைக் கேட்டார். "சரி. மதியச் சாப்பாடு?"

"சாப்பாடு இல்லாம பள்ளியா? தினமும் உண்டு," என்றார் தலைவர், தன் வீட்டு நெல்லைக் குத்திப் போடுகிற மாதிரி.

சமையலறை வாசலில் முறத்தில் அரிசியோடு நின்றிருந்த நீலவ்வா, முறத்தைக் கீழே வைத்தாள்.

அன்று மாலை வீட்டில் அவர் முன்னால் தட்டை வைத்துவிட்டு அவள் கேட்டாள். "ஏங்க, செவ்வாக்கெழம என்ன?"

"என்ன?"

"எனக்குக் கண்ணு ஆபரேசன். மூணு தடவ சொல்லிருக்கேன்."

அவளுக்கு இடது கண்ணில் புரை. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் ஊரடங்கில் இலவச முகாம் நடக்கவில்லை. புரை முற்றிவிட்டது, இனித் தள்ளினால் கண்ணுக்கு நல்லதில்லை என்று டாக்டர் கண்டித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதம் அடுப்புப் பக்கமே போகக்கூடாது. அதனால்தான் விடுமுறையில் நாள் வாங்கியிருந்தாள். பிள்ளைகள் பட்டினி கிடக்கக்கூடாது என்று.

பக்கீரப்பா ரொட்டியைப் பிய்த்து, எண்ணெய்க் கத்தரிக்காயில் தோய்த்து, வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "தீவாளிக்கு அப்பறம் வச்சிக்கலாம் விடு. கண்ணு எங்க ஓடிரப் போவுது?"

கட்டின மனைவியின் கண் அது. அந்தக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துத்தான் அவள் கொஞ்ச நாளாக அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் தட்டில் கல் வராதவரை அவருக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

நீலவ்வா சண்டை போடவில்லை. "தள்ளிப் போட முடியாதுங்க. நீங்க மைக்ல சொன்ன சட்டப்படியே செஞ்சிடறேன். வீட்லருந்து ஆள் அனுப்பறேன்."

"யார?"

"வீட்ல வேற யாரு இருக்கா?"

பக்கீரப்பா பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

அடுத்த நாளெல்லாம் அவர் அலைந்த அலைச்சலை ஊரே பார்த்தது. பக்கத்து வீட்டு கல்லவ்வாவைக் கேட்டார். "வைகாசி முச்சூடும் கல்யாணம் அண்ணா, எங்களுக்கே சமைக்க ஆள் இல்ல" என்று விட்டாள். ஹாலப்பாவின் மனைவியைக் கேட்டார். அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டா, உம் புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கே," என்றார் ஹாலப்பாவிடம்.

"பசங்களுக்கு லீவு வேணாமா பக்கீரண்ணா? ரெண்டு வருஷமா பாட்டி வீட்டுக்கே போகல. டீச்சர் வரணும்னுதானே கை தட்டினோம்?"

கடைசியில் முப்பது வருஷம் கழித்து வேலையாகப் பஸ் ஏறினார் பக்கீரப்பா. தாலுகா அலுவலகத்துக்குப் போய், பசவனகொப்பாப் பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட வேண்டும் என்று கேட்டார். வெயிலாம். பிஞ்சுக் குழந்தைகளாம். ஆசிரியர்களும் மனிதர்கள்தானாம்.

அங்கிருந்த கிளார்க் தலையைத் தூக்கினான். "நீங்கதானே போன வாரம் மொத ஆளா முடிவு அனுப்பினவரு? எல்லா ஊருக்கும் உங்களத்தான் எங்க சார் உதாரணமாக் காட்டறாரு. போங்க தலைவரே, போயி நடத்துங்க."

செவ்வாய்க்கிழமை நீலவ்வா முகாம் வண்டியில் தனியாகப் போனாள். கூடப் போக வேண்டியவர் பள்ளிச் சமையலறையில் பாத்திரத்துக்கு முன்னால் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார்.

முதல் நாள் சோறு அடியில் கருகி மேலே நறுக்கரிசியாக இருந்தது. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. பதிவில் அறுபது பிள்ளைகள், வந்தது பன்னிரண்டு. மைக் முன்னால் கை தட்டியவர்களின் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. அவர்கள் கல்யாணத்திலும் தேர்த்திருவிழாவிலும் இருந்தார்கள். வந்த பன்னிரண்டும் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். கூட்டத்துக்கு வரவே அந்தப் பெற்றவர்களுக்கு நேரம் இருந்ததில்லை.

"தாத்தா, இது சாம்பாரா, கை கழுவறதா?" என்று கேட்டாள் ரேணவ்வா என்ற ஐந்தாம் வகுப்புப் பெண்.

"தின்னு கழுத."

"தலைவரே," என்றார் சுமங்களா வாசலில் நின்று, "பிள்ளைங்கள அப்படிக் கூப்பிடக்கூடாது. நாளைக்குச் சீக்கிரம் வாங்க. பருப்பு வேக நேரமாகும். ஒக்காந்து வாங்கற சம்பளம் இல்ல பாருங்க."

சம்பளமே இல்லை என்பது அவருக்குச் சாயங்காலம்தான் உறைத்தது. விடுமுறை மாதத்துக்குச் சமையல் ஆளுக்குப் பணம் கிடையாது. இத்தனை வருஷமாக அந்த மாதங்களில் தன் தட்டில் ரொட்டி எங்கிருந்து வந்தது என்று அவர் அப்போதாவது நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை. முதுகு வலிக்கிறது என்று முனகிக்கொண்டே படுத்தார்.

இருந்தாலும் தினமும் வந்தார். வராமல் இருந்தால் ஊர் சிரிக்கும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சுவருக்கு அந்தப் பக்கம் சுமங்களா கத்துவதைக் கேட்டார். ஒரே எழுத்தைப் பத்துத் தடவை, ஒரே சொல்லை இருபது தடவை. அந்த அம்மாளுக்குத் தொண்டை கட்டிப்போனது. கட்டின தொண்டையோடு மறுநாளும் வந்தார். மே மாதக் கடைசியில் ரேணவ்வா சமையலறைச் சுவரில் எழுதியிருந்ததை விரல் வைத்து, தடவித் தடவி, தானாகவே படித்தாள். "கையைக் கழுவிவிட்டு உண்ணவும்." படித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு கணம் பக்கீரப்பாவுக்கு நெஞ்சில் ஏதோ செய்தது. நல்ல மனிதனாக இருந்தால் டீச்சரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். இவர் உடனே சால்வையை நினைத்துக்கொண்டார்.

வெளியூர்க்காரர்களிடம் அவர், "சும்மா மேற்பார்வைக்கு நிக்கறேன், தலைவர் இல்லேன்னா ஒண்ணும் நடக்காது" என்றுதான் சொல்லி வந்தார். கரண்டி பிடிப்பதாக மூச்சு விடவில்லை. ஜூன் தொடக்கத்தில் பள்ளித் திறப்பு விழா வந்தது. லீவில் உழைத்தவர்களுக்கு அதிகாரி மரியாதை செய்வார் என்று கேள்விப்பட்டதும் சுமங்களாவிடம் போய்ப் பல்லிளித்தார்.

"பேர் அனுப்பிட்டேன் தலைவரே," என்றார் அவர். "லீவுல அடுப்பு எரிய வச்ச ஆள்னு."

விழா அன்று மாவிலைத் தோரணம், பலூன், அதே கோயில் மைக். ஊர் திரும்பியிருந்தது. ஹாலப்பாவின் இரட்டையர்கள் புதுச் சட்டையில் முன்வரிசையில் இருந்தார்கள். பக்கீரப்பா ஜரிகை வேட்டியும் சீவின தலையுமாகக் கேசரி கிண்டிக்கொண்டிருந்தார். நீலவ்வா அடுப்புப் பக்கம் வர இன்னும் நாள் இருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கல்லவ்வா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் சுமங்களாவை அழைத்தார்கள். பிறகு அதிகாரி காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "கோடையிலும் ஓயாமல் குழந்தைகளுக்குச் சோறிட்ட இந்தப் பள்ளியின் சமையலர்..."

பக்கீரப்பா கரண்டியைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"...நீலவ்வா."

பள்ளிப் பதிவில் சமையலர் என்று இருந்த பெயர் அதுதான். இத்தனை வருஷமாக அதுதான். பக்கீரப்பா வாயைத் திறந்தார். நான்தான் சமைத்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் மேற்பார்வை என்ன ஆவது? திறந்த வாயை மூடிக்கொண்டார்.

நீலவ்வா மேடை ஏறினாள். சால்வை போர்த்தினார்கள். தலைப்பாகை வைத்தார்கள். பழக்கூடை கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசுங்கம்மா என்று மைக்கை நீட்டினார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டத்தைப் பார்த்தாள். வரிசை வரிசையாக, முகம் முகமாக.

"எனக்கு எதுக்குங்க இதெல்லாம்? இந்த லீவு பூரா நான் ஒரு வேலையும் செய்யல. சும்மா உக்காந்திருந்தேன். நேரத்துக்குச் சோறு வந்துச்சு. சும்மா இருக்கறது இம்புட்டு சொகம்னு எங்க வீட்டுக்காரரு இத்தன வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்லையே."

கூட்டம் சிரித்து அடங்க நேரமாயிற்று. சுமங்களா சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார். நீலவ்வா சிரிக்கவில்லை. மைதானத்தைத் தாண்டி, சமையலறை வாசலை நேராகப் பார்த்தாள்.

"ஏங்க, அங்கயே நிக்காதீங்க. கேசரி அடிப்பிடிக்குது, புகை வருது," என்றாள் மைக்கிலேயே. "எனக்கு இங்கருந்தே தெரியுது."