கால்நடை இதழின் ஆம்பூர் சந்தாதாரர்

புத்தகம் கைக்கு வந்ததும் சுந்தர்ராஜ் அதைப் பிரிக்க மாட்டார். மேசையில் வைத்து, அட்டையின் கீழ் மூலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மெதுவாக நசுக்குவார். அந்த மூலையை உட்புறமாக லேசாக வளைத்து, சுருக்கம் விழுகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். நடுப்பக்கத்துக்கும் அதே சோதனை. எல்லாம் சரியாக இருந்தால் காதில் செருகியிருக்கும் சாக்பீஸை எடுத்து அட்டை ஓரத்தில் சின்னதாக ஒரு டிக். இல்லையென்றால் டிக் கிடையாது. "இந்தத் தடவ பேப்பர் கம்மி பண்ணிட்டாம்பா" என்பார். படிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தோலை அப்படித்தான் பார்ப்பார்கள். ஆம்பூரில் நாங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாகத் தோலைத் தரம் பிரிக்கிறவர் அவர். நான் மாடியில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிக்கிறேன். என் சாப்பாட்டுப் பையில் ஒரு கவிதைச் சிற்றிதழ் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவராக வந்து பேசினார். "நீயும் தபால்ல புக்கு வாங்குற ஆளா?" என்று கேட்டார். யாரிடமும் நானாகப் போய்ப் பேசுகிறவன் இல்லை. அவர் வந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

அவர் வாங்குவது 'கால்நடை' என்ற இரு மாத இதழ். காலால் நடப்பவர்களுக்கான பத்திரிகை. மலைப் பாதை, காட்டு ஓடை, எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று போடுவார்கள். நடுப்பக்கத்தில் ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு வாசகர் கையால் வரைந்த பாதையின் படம். பெயரை வைத்தவர் ரசித்துத்தான் வைத்திருக்க வேண்டும். அந்த ரசனைக்குச் சுந்தர்ராஜ் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அவரும் அவர் மனைவி கிரேஸியும் பகலெல்லாம் வேலைக்குப் போய்விடுவதால், இதழ் தொழிற்சாலை விலாசத்துக்கு வரும். கேட்டில் தபாலை வாங்குகிறவர் கோதண்டராமன். மூன்றில் ஓர் இதழையாவது அவர் நேராக மாடிக்கு, பச்சைத்தோல் வாங்கும் பர்ச்சேஸ் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்.

"என் பேரு எழுதியிருக்கு சார். படிக்கவே மாட்டீங்களா?"

"கம்பெனி அட்ரஸும்தான் எழுதியிருக்கு. தோல் கம்பெனிக்கு கால்நடை வராம வேற இன்னா வரும்?"

"அது மாட்டு புக்கு இல்ல சார். மலையேறுற புக்கு."

"அப்ப மலைன்னு பேரு வெக்கச் சொல்லு. நான் இன்னா ஜோசியமா பாக்கறது?"

கீழே வேலை செய்கிறவர்கள் மாடிக்கு வரப் பாஸ் வேண்டும். போன இதழ் போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கப் போகும் குழு ஒன்று வேலூரில் இருக்கிறது. லாங் பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் தபரேஸ் அதை நடத்துகிறார். என்னையும் சுந்தர்ராஜ்தான் அதில் சேர்த்தார். மற்றவர்கள் கணுக்கால் வரை ஏறிய ஷூவும் முதுகில் தண்ணீர்ப் பையுமாக வருவார்கள். அவர் ரப்பர் செருப்பில் வருவார். அமிர்திப் பக்கம் வனத்துறை நடக்க விடும் ஒரு பாதையில் மூன்று வருடம் திரும்பத் திரும்ப நடந்து, பென்சிலால் ஒரு படம் வரைந்திருந்தார். "போகச்சொல்ல ஓடை எப்பவும் பீச்சாங்கைப் பக்கம். இத மட்டும் ஞாபகம் வெச்சிக்கோ. பனி எறங்கிச்சின்னா கண்ணு தெரியாது, காதுதான். தண்ணி சத்தம் சோத்தாங்கைப் பக்கம் கேட்டா வழி தப்பிட்டன்னு அர்த்தம்" என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

படத்தை இதழுக்குத் தபாலில் அனுப்பினார். அக்டோபரில் ஒரு போஸ்ட்கார்டு வந்தது: படம் கிடைத்தது, நடுப்பக்கத்தில் வெளியிடுவோம். அந்தக் கார்டைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். ஒரு ஃபோன் நம்பரையும் சேர்த்து அனுப்பியிருக்கலாமே என்றேன். "நம்பர் குடுத்தா கூப்ட்டுட்டுப் போயிடுவான். லெட்டர் எழுத மாட்டான்" என்றார்.

நவம்பர் இதழில் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு. அச்சுக்குச் சந்தா போதவில்லை. பிப்ரவரிக்குள் ஆள் சேராவிட்டால் மார்ச் இதழே கடைசி அச்சு இதழ். மே முதல் இணையத்தில் மட்டும். சுந்தர்ராஜ் அதை எனக்குப் படித்துக் காட்டினார். அவர் படம் எந்த மாதம் வரும் என்று போஸ்ட்கார்டில் இல்லை.

அடுத்த ஞாயிறு, மலையடிவாரத்து டீக்கடையில் எல்லாரிடமும் கேட்டார்.

"இன்னாண்ணா, இந்தக் காலத்துல போய் புக்குக்கு சந்தாவா? லிங்க் அனுப்புங்க, குரூப்ல போட்டுர்றேன்" என்றார் தபரேஸ்.

"மல மேல டவரே இல்ல, லிங்க் எடுக்குமா பாய்?"

"டவுன்லோட் பண்ணிக்கலாம்ணா."

"அப்ப கால்ல இருக்கறத மட்டும் இன்னாத்துக்குக் கடையில வாங்குன? அதையும் டவுன்லோட் பண்ணிக்கறதுதான?"

எல்லாரும் சிரித்தார்கள். தபரேஸ்தான் ஜாஸ்தி சிரித்தார். ஆனால் யாரும் பெயர் கொடுக்கவில்லை. ஒருவர் கால்நடை என்றதும் மாட்டு வைத்தியர் பத்திரிகையா என்று கேட்டார். ஒரு டீச்சர், வீட்டில் பேப்பர் சேர்ந்தால் மாமியார் திட்டுவார் என்றார். மலை என்றால் உயிர் என்று தினமும் குழுவில் எழுதுகிற இரண்டு பேர், படிக்கவே நேரமில்லை என்றார்கள். நானும் தலையைக் குனிந்து டீயை ஊதிக்கொண்டிருந்தேன். நான் படித்துக்கொண்டிருந்தது அவருடைய பிரதியை.

அன்று சாயங்காலம் தபரேஸ், சுந்தர்ராஜிடம் இரவல் வாங்கிப் போன நவம்பர் இதழைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டார். கீழே ஒரு வரி: 'சுந்தர்ண்ணாவுக்காக. எல்லாரும் படியுங்கள்.' முப்பது பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

"உதவின்னு நெனச்சி கழுத்த அறுத்துட்டாம்பா. இனிமே எவன் சந்தா கட்டுவான்? திட்டவும் முடியல. ஆசையா பண்ணியிருக்கான்" என்றார் சுந்தர்ராஜ் மறுநாள்.

ஜனவரி இதழ் வரவில்லை. அனுப்பியாகிவிட்டது என்று இதழின் இணையதளத்தில் இருந்தது. கோதண்டராமனைக் கேட்டதற்கு, மேலே போயிருக்கும் என்றார்.

"வசந்த், நீ மேலதான இருக்க. பர்ச்சேஸ்ல ஒரு வார்த்த கேட்டு எடுத்துனு வாப்பா. என் படம் அதுல வந்திருந்தாலும் வந்திருக்கும்."

பர்ச்சேஸ் அறை என் இருக்கையிலிருந்து நாற்பது அடி. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் லுப்னா மேடம் எப்போதும் ஃபோனில் யாரையாவது விலை சொல்லித் திட்டிக்கொண்டிருப்பார். இரண்டு நாள் கதவு வரைக்கும் போனேன். இரண்டு நாளும், தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினேன். மூன்றாம் நாள் சுந்தர்ராஜ் கேட்டபோது, "அங்க இல்லியாம்ணா" என்றேன்.

"போனாப் போவுது. கேட்டியே, அது போதும்" என்றார்.

ஜனவரி இதழின் பொருளடக்கத்தைப் பிறகு இணையதளத்தில் பார்த்து, அவர் படம் அதில் இல்லை என்று சொன்னேன். மனசுக்கு ஆறுதலாக இருந்தது. எனக்குத்தான்.

மார்ச் இதழ் ஒழுங்காக அவர் கைக்கே வந்தது. நடுப்பக்கத்தில் வேறு யாரோ வரைந்த வேறு ஒரு மலை. பின்னட்டையில் வாசகர்களுக்கு நன்றி, அச்சு இத்துடன் நிறைகிறது. மூலையை நசுக்கிப் பார்த்தார். காதிலிருந்து சாக்பீஸை எடுத்தார். பிறகு டிக் போடாமல் செருகிக்கொண்டார்.

மே மாதம் படம் இணையத்தில் வந்தது. கேண்டீனுக்கு வெளியே வேப்பமரத்தடியில் என் ஃபோனில் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்தார், தள்ளி வைத்தார்.

"பெருசாக்குனா பாத தெரியுது, மல காணாம போயிடுது. சின்னதாக்குனா மல தெரியுது, பாத இல்ல. இது இன்னா எழவு?"

அப்புறம் விரலால் திரையைத் தடவித் தடவி ஒரே இடத்தில் நின்றார்.

"ஓடைய சோத்தாங்கைப் பக்கம் போட்டிருக்கான்."

யாரோ அவர் பென்சில் படத்தைக் கம்ப்யூட்டரில் மறுபடி வரைந்திருந்தார்கள். ஓடை பாதைக்கு வலப்பக்கம், நல்ல நீலத்தில். கீழே அவர் பெயர், ஆம்பூர்.

"இத நம்பி பனியில ஒருத்தன் போனான்னா? என் பேரு போட்டிருக்கானேப்பா. மாத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? ஒரே ஒரு கார்டு. நான் இன்னா பதில் போட மாட்டேன்னா சொன்னேன்?"

மூன்று வருடத்தில் அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். ஆசிரியருக்கு இரண்டு பக்கம் எழுதினார். 'கேட்காமல் கை வைத்தீர்கள்' என்று தொடங்கியது அந்தக் கடிதம். தபால் பெட்டியில் போட்டது நான்தான். அவர் பெயரைப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லியிருந்தார்; ஒரு வாரத்தில் எடுத்துவிட்டார்கள். படம் மட்டும், வலப்பக்கத்து ஓடையோடு, அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை. கிரேஸி அக்காவோடு சர்ச்சுக்குப் போய்விட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறாராம். குழுவில் அந்தப் படத்தைத் தபரேஸ் பகிர்ந்தார். 'நம்ம அண்ணா வரைந்தது' என்று மறக்காமல் போட்டிருந்தார்.

ஜூலையில் பர்ச்சேஸ் அறைக்குப் பெயின்ட் அடித்தார்கள். அலமாரிகளை வெளியே வைத்திருந்தபோது லுப்னா மேடம் என் மேசைக்கே வந்தார். "இந்த சுந்தர்ராஜ் யாருப்பா, தெரியுமா? மாட்டுப் பத்திரிகைன்னு வாங்கி வெச்சேன். இன்னிக்குத்தான் கவரப் பிரிச்சேன். உள்ள லெட்டர் ஒண்ணு இருக்கு" என்றார். என்னிடம் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

ஜனவரி இதழ். நடுப்பக்கத்துக்குள் சுந்தர்ராஜின் படத்தை அப்படியே நகலெடுத்த தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் ஓடைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. கூடவே ஆசிரியர் கைப்பட எழுதிய துண்டுக் கடிதம், தேதி ஜனவரி ஐந்து:

'ஐயா, ஓடைக்கோடு பாதையின் மேலேயே விழுந்திருக்கிறது. போகும்போது ஓடை இடப்பக்கமா, வலப்பக்கமா? ஒரு கார்டில் எழுதிப் போட்டால் போதும், மார்ச் நடுப்பக்கம் உங்களுக்கு. தங்களைக் கேட்காமல் வரைய மனமில்லை.'