வியாழக்கிழமைச் சுடுதண்ணீர்

விமலாதேவிக்கு எதையும் குறித்து வைக்கும் பழக்கம் இருந்தது. கடல் கடந்து குடியேறிய நாட்டில், பரமட்டாவுக்கு அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியில் அவர் தாதி. நாலு மணித்தியாலத்துக்கு ஒருதரம் நோயாளிகளின் காய்ச்சலை எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. 1975ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், வீட்டில் சுடுதண்ணீர் இல்லாமற்போன நாட்களையும் அப்படித்தான் குசினி அடுப்பருகே தொங்கிய கலண்டரில் பென்சிலால் வட்டமிட்டார்.

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த அந்த வீட்டை அவரும் கணவர் சிறிதரனும் வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பின்பக்கம் உடுப்புத் தோய்க்கும் அறை. அதன் மூலையில் சுடுதண்ணீர்த் தாங்கி. மலிவுக் கட்டண மின்சாரத்தில் இரவில் மட்டும் சூடேறும் தாங்கி அது. பகலில் யாராவது முழுவதையும் திறந்துவிட்டால் மறுநாள் காலைவரை குளிர்ந்த பச்சைத் தண்ணீர்தான்.

ஆனால் பகலில் வீட்டில் யாரும் இல்லை. ஏழு மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டுப் போனால் இருவரும் திரும்ப ஐந்தரையாகும்.

“நீர் காலமை கன நேரம் குளிச்சனீரோ?” என்று சிறிதரன் கேட்பார்.

“நானோ? நீங்கள்தான் சவரம் எடுக்கிறனெண்டு பைப்பைத் திறந்துவிட்டிட்டு நிக்கிறனீங்கள்.”

ஐந்தாவது வட்டத்தைப் போட்ட மாலையில்தான் விமலாதேவி கவனித்தார். வட்டங்கள் எல்லாம் ஒரே நிரலில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

“இஞ்ச பாருங்கோ. எல்லாம் வியாழக்கிழமை.”

“மெசினுக்குக் கிழமை தெரியுமோ விமலா? பழசு, அவ்வளவுதான்.”

பிளம்பர் வந்து தாங்கியைத் திறந்து பார்த்தார். உள்ளே பழுது எதுவும் இல்லை, ஆனால் பதினேழு வயது, அடி துருப்பிடித்துவிட்டது என்றார். புதிய தாங்கி, பூட்டும் கூலி, பழையதை ஏற்றிப் போகும் கூலி எல்லாம் சேர்த்து இருநூற்று அறுபது டொலர். விமலாதேவியின் இரண்டு வாரச் சம்பளம். பழைய கார் ஒன்று வாங்க ஒதுக்கி வைத்திருந்த பணத்திலிருந்துதான் எடுக்கவேண்டும். விமலாதேவி கலண்டரைக் காட்டினார். பிளம்பர் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, “பகலில் இங்கே யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார்.

“ஒருத்தரும் இல்லை.”



திங்கட்கிழமை புதிய தாங்கி வந்தது. செவ்வாயும் புதனும் குளியலறை நிறைய ஆவி பறந்தது. சிறிதரன் சந்தோஷமாகப் பாட்டுக்கூட முணுமுணுத்தார். வியாழன் மாலை விமலாதேவி பைப்பைத் திறந்தார். வந்த தண்ணீர் குளிரில் கையைக் கடித்தது.

குனிந்து குளியல் தொட்டியைத் தடவினார். அடி ஈரமாக இருந்தது. துவாய்கள் எல்லாம் காய்ந்து கிடந்தன. யாரோ தொட்டியை நிரப்பியிருக்கிறார்கள், ஆனால் யாரும் குளிக்கவில்லை. கணவரிடம், “திரும்பவும் பழுதுபோல” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வியாழன் அவர் லீவு எடுத்தார். வழக்கம்போல வெளிக்கிட்டு, ஸ்டேஷனில் சிறிதரனைப் பரமட்டா ரயிலில் ஏற்றிவிட்டு, “இண்டைக்கு நான் பஸ்ஸில போறன்” என்றார். ஆனால் வீட்டுக்கே திரும்பி வந்து, சப்பாத்துகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய் இருந்தார். வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைக்கவில்லை.

பதினொரு மணிக்குப் பின்கதவின் பூட்டு திரும்பியது. அவசரமில்லாத காலடிகள். குசினிக் கதிரை ஒன்று இழுபடும் சத்தம். பிறகு தண்ணீர் விழுந்தது. தொட்டி நிறையுமட்டும் விழுந்து நின்றது. ஒரு பெண்குரல் மெல்லப் பேசத் தொடங்கியது. இடையிடையே யாருக்கோ பதில் சொல்வதுபோலச் சிரித்தது.

விமலாதேவி எழுந்து வந்து குளியலறைக் கதவைத் தள்ளினார்.

கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவி தொட்டியருகே கதிரையில் இருந்தாள். கோட்டின் ஒரு கையை முழங்கைவரை மடித்து, ஆவி பறக்கும் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தாள். தொட்டிக்குள் யாரும் இல்லை.

“கதவைச் சாத்தம்மா,” என்றாள் கிழவி. “அவருக்குக் குளிரும்.”

விமலாதேவி சாத்தினார். ஏன் சாத்தினார் என்று அவருக்குப் பிறகும் விளங்கவில்லை.

தன் பெயரைச் சொன்னாள்: மிஸஸ் டோயில், வீட்டை அவர்களுக்கு விற்றவள். பத்திரத்தில் பார்த்த பெயர், ஆளைக் கண்டதில்லை. விற்றுவிட்டுப் பரமட்டாவில் ஓர் அறை எடுத்திருந்தாள். பின்கதவுப் பூட்டின் திறப்பு ஒன்றை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள். போன வருடம் ஒரு வியாழக்கிழமை கடைக்குப் போய்த் திரும்பியபோது, அவள் கணவர் இந்தத் தொட்டியில் இறந்து கிடந்தாராம். தண்ணீர் ஆறிப்போயிருந்ததாம்.

“எவ்வளவு நேரம் அந்தக் குளிருக்குள் கிடந்தாரோ,” என்றாள். “தொட்டுப் பார். இந்தச் சூடு போதுமா?”

எத்தனையோ பிணங்களைத் துடைத்த தாதி, தண்ணீருக்குள் கையை விட்டார். ஓரமெல்லாம் கொதித்தது. நடுவில் மட்டும், ஓர் ஆள் படுத்திருக்கும் அளவுக்கு, தண்ணீர் சில்லிட்டிருந்தது. கையை உதறி எடுத்துக்கொண்டார்.

“போதும்,” என்றார்.

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தபோது கிழவி தானாகவே திறப்பை மேசையில் வைத்தாள். விமலாதேவி அதை எடுத்துக்கொண்டு, “வியாழக்கிழமைகளில் நான் வீட்டில் இருப்பேன். முன்கதவு மணியை அடியுங்கள்,” என்றார்.

சிறிதரனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் பொலிசுக்குப் போவார். இல்லையென்றால், வீணாய்ப்போன இருநூற்று அறுபது டொலரைப் பற்றி ஒரு வருடம் பேசுவார். விமலாதேவி தன் லீவு நாளை வியாழனுக்கு மாற்றிக்கொண்டார். ஆறு வியாழக்கிழமைகள் மணி அடித்தது. கிழவி தொட்டியருகே இருந்த நேரமெல்லாம் விமலாதேவி குசினியிலேயே இருந்தார்.

ஏழாவது வாரம் கடிதம் ஒன்று வந்தது. கிழவியின் பெறாமகள், அவள் தங்கையின் மகள், எழுதியிருந்தாள். மிஸஸ் டோயில் நித்திரையிலேயே போய்விட்டாளாம். உங்கள் அன்பைப் பற்றி அடிக்கடி சொல்லுவாள் என்றும் எழுதியிருந்தாள்.

அந்த வியாழன் பதினொரு மணிக்கு விமலாதேவி தானே தொட்டியை நிரப்பினார். கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு இருந்தார். ஆவி கண்ணாடியை மூடியது. கையை விட்டுப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. ஒரு மணித்தியாலம் அப்படியே இருந்துவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு அடைப்பானை இழுத்துவிட்டார்.

மாலையில் சிறிதரன் குளியலறையிலிருந்து கத்தினார்: “என்னப்பா, திரும்பவும் பச்சைத் தண்ணியா வருது!”

“ஓம்,” என்றார் விமலாதேவி. “நான்தான் எல்லாத்தையும் பாவிச்சு முடிச்சனான்.”