ஹலீம் கடை விலாசம்

அப்துல் ஹலீமை ஊரில் நல்ல மனுஷர் என்பார்கள். அதைக் கேட்டால் அவருக்கே சிரிப்பு வரும். நல்லதாவது கெட்டதாவது, எல்லாம் யாவாரம்!

ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றதில் லயத்து வரிசை வீடுகளை விட்டு ஈப்போ டவுனுக்கு வந்த சனங்கள், ஆறு மாதத்துக்கு ஓர் அறை என்று மாறிக்கொண்டிருந்தார்கள். நிலையான விலாசத்துக்கு எங்கே போவது? ‘ஹலீம் சாப்பாட்டுக் கடை, சிலிபின்’ என்றே எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தார்கள். கடிதம் வாங்க வருகிறவன் ஒரு தேத்தண்ணியாவது குடிக்காமல் போகமாட்டான். ஹலீம் கடிதத்தைக் கவிழ்த்துத்தான் நீட்டுவார். அனுப்பியவர் பெயர் பக்கத்து மேசைக்காரன் கண்ணில் படக்கூடாது. எழுபத்தொன்பதில் பழனியப்பன் வந்து, “பாய், என் வீட்டுக்காரி மங்களத்துக்கு யார்ட்டருந்து கடுதாசி வருது? சொல்லுங்க லா” என்று கெஞ்சியபோதும் அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் மறுநாளே அத்தனை பேரும் வேறு கடை விலாசத்துக்கு மாறியிருப்பார்கள். கோபத்தில் பழனியப்பன் ஒருத்தன் சாப்பிட வராமல் போனான், போகட்டும்.

எண்பத்திரண்டில், மகள் நஸீராவின் நிக்காஹுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. லாரி ஓட்டும் பிச்சைமுத்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, “பாய், உங்க மக ஏன் மளிகைக் கடை சீனிகிட்ட போய் கடுதாசி வாங்குது? மூணு தடவ பாத்துட்டேன்” என்றான்.

ஹலீமுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சொந்தக் கடை இருக்க அங்கே எதற்கு? எழுதுவது யார்? பையனா? கமுந்திங் ஊர் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகுமா? இல்லை, நாமே நிறுத்த வேண்டுமா? பாலில்லாத தே ஓ தேத்தண்ணி கேட்டவனுக்கு மீ கோரேங் நூடுல்ஸைக் கொண்டுபோய் வைத்தார்.

பொறுக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த சீனியின் மளிகைக் கடைக்கு நடந்தார்.

“சீனி, நஸீராவுக்கு எழுதுறது யாரு? நான் அவ அத்தா லா!”

“தெரியும் பாய். சொல்ல மாட்டேன்.”

“என்னடா இது!”

“உங்களுக்குச் சொல்லிட்டா நாளைக்கு எவன் என் கடை விலாசத்தக் குடுப்பான்? உங்களப் பாத்துத்தானே பாய் நான் இதெல்லாம் பழகுனேன்.”

ஓங்கி ஓர் அறை விடலாமா என்றிருந்தது. அட பாவி, நியாயமாகவும் பேசித் தொலைக்கிறானே! யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமலே வீட்டுக்கு வந்து மகளிடம் நேராகக் கேட்டார்.

நஸீரா அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்தாள். “பினாங்குல தாதிப் பயிற்சிக்கு எடம் கெடச்சிருக்கு அத்தா. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்.”

பையன் இல்லை என்று நிம்மதி. கல்யாணம் வேண்டாமாம் என்று திகைப்பு. எதைப் பிடிப்பது என்று தெரியாமல், “இத நம்ம கடைக்கே வரச் சொல்லிருக்கலாமே?” என்றார்.

“வந்திருந்தா நீங்க பிரிச்சிருப்பீங்க.”

யார் கடிதத்தையும் பிரித்ததில்லை என்று சொல்ல வாயெடுத்தார். உண்மைதான். பதினோரு வருடத்தில் ஒன்றைக்கூட அவர் பிரித்ததில்லை. அவையெல்லாம் வாடிக்கைக்காரர்களுடையவை. இது மகளுடையது, பிரித்திருப்பார். கிழித்தும் போட்டிருப்பார்.

உறையை வாங்கி, கவிழ்த்து அவளிடமே நீட்டியபடி, “என்னைக்குச் சேரணும்?” என்று கேட்டார்.