வெயிலைத் தாங்கும் தடித்த எழுத்து

“பலகை வைத்ததில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. எழுத்துதான் மிரட்டுவது போல் இருக்கிறது. மெலிதாக, நாகரிகமாக மாற்றித் தரவும்.”

உப்பள முதலாளி ஒருவர் என் கடைக்கு அனுப்பிய கடிதம். தேதி போடவில்லை. கைக்கு வந்தது பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால் என்று பின்பக்கம் குறித்து வைத்திருக்கிறேன்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டிடிபி, பிளெக்ஸ் கடை நடத்துகிறேன். அந்தப் பலகையைக் கேட்டவர்கள் அவருடைய உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள். வெட்டவெளியில் ஒதுங்க ஒரு மறைப்பு கிடையாது. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டார்கள். இரண்டு பேர் நீர்க்கடுப்போடு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். முதலாளியிடம் மனு கொடுத்தும் ஆகிவிட்டது, பலனில்லை. இனி ஈசிஆரில் போகிற பஸ் எல்லாம் படிக்கட்டும் என்று ஒரே வரி சொன்னார்கள்: இங்கே கழிப்பறை இல்லை.

முதலில் எனக்குப் பிடித்த ஒரு மெல்லிய எழுத்துருவில், வெள்ளை பிளெக்ஸில் அடித்தேன். கடைக்குள் அழகாகத்தான் இருந்தது. உச்சிவெயிலில், உப்பு அம்பாரத்துக்கு முன்னால் நிறுத்தினால் பலகையே உப்போடு உப்பாகிவிட்டது.

“இன்னாக்கா, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குது? பாத்ரூம் இல்லன்னு சொல்றோமா, விருந்துக்குக் கூப்புடுறோமா?” என்றாள் ஒருத்தி.

தப்பு என்னுடையது. கம்ப்யூட்டரில் இருந்த தடித்த எழுத்துருக்களோ கட்சி போஸ்டரில் தேய்ந்தவை. அதனால் இரண்டு அங்குலப் பட்டைப் பிரஷ்ஷால் நானே சார்ட் பேப்பரில் வரைந்தேன். சுழிப்பு, வால் எதுவும் கிடையாது. எல்லாக் கோடும் ஒரே தடிமன். மை தடிக்கத் தடிக்க ‘ங’வின் வயிறும் ‘ழ’வின் கீழ்வளைவும் அடைத்துக்கொண்டன. அவற்றை மட்டும் அகலமாகத் திறந்துவிட்டேன். வரியில் இரண்டு ‘இ’ வருகிறது. ஒன்று சப்பை, ஒன்று சாய்ந்தது. திருத்தவில்லை. மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து.

புதுப் பலகையை நட்டுவிட்டு, ஓடும் பஸ்ஸிலிருந்து படிக்க முடிகிறதா என்று பார்க்க, மூன்று பெண்களோடு பாண்டி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தோம். உப்பளம் வந்ததும் ஒருத்தி, “படிச்சிட்டேன்!” என்று கத்தினாள்.

“இன்னாம்மா, ஏன் கத்துற?” என்றார் கண்டக்டர்.

“நீ படிச்சியா?”

“படிச்சேன்.”

“அப்ப டிக்கெட்ட கிழி.”

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தக் கடிதம். நான் எழுதிய பதில் இரண்டு வாக்கியம்: உங்கள் உப்பு வெயிலில் மெல்லிய எழுத்து நிற்காது. கழிப்பறை கட்டுங்கள், பலகையை நாங்களே இறக்குகிறோம்.

மறுநாள் அவருடைய மேஸ்திரி வந்தார். “பலகையப் பிடுங்கிட்டா இன்னா பண்ணுவீங்க?”

“பிடுங்குங்க. இன்னொண்ணு அடிப்பேன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. மீதி எழுத்துகளையும் வரைந்து, ஸ்கேன் செய்து, முழு எழுத்துருவாக்கினேன். இரண்டு ‘இ’யும் அதில் இருக்கின்றன. யார் கேட்டாலும் பென்டிரைவில் ஏற்றித் தருகிறேன். என் ஒருத்தியின் கையை நிறுத்தினாலும் இனி இந்த எழுத்து நின்றுபோகாது.

பலகை இன்றும் அங்கேதான் நிற்கிறது. கழிப்பறை வரவில்லை. போன வெள்ளிக்கிழமை இரண்டு பேர் டேப்போடு வந்து உப்பளத்துக் கொட்டகைப் பக்கம் இடம் அளந்தார்கள் என்று அங்கே வேலை செய்யும் ஒரு பெண் சொன்னாள். கழிப்பறைக்கா, பலகையை மறைக்கச் சுவர் எழுப்பவா என்று மேஸ்திரியிடம் கேட்டேன், வேலை இருக்கிறதென்று போய்விட்டார். அளந்ததை வேறு யாரும் பார்த்ததாகவும் தெரியவில்லை. இதை எழுதும்வரை சரிபார்க்க முடியவில்லை.