ஆவி பிடிக்கிற கடையில் தொண்ணூறு நாள்

வேப், அதாவது மின்சிகரெட், விற்கிற கடையில் வேலை என்பது, யாரும் யாரையும் நம்பாத ஓர் அறைக்குள் மாம்பழ வாசத்தோடு எட்டு மணி நேரம் நிற்பது.

வாடிக்கையாளர் நான் சொல்லும் விலையை நம்பமாட்டார். நான் அவர் காட்டும் அடையாள அட்டையை நம்பமாட்டேன். முதலாளி ராஜ் எங்கள் இருவரையும் நம்பாமல் கூரையில் கமரா பூட்டியிருந்தார். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்கள் கேளுங்கள்.

பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தைப் பாதியில் விட்டவள் நான். பதினெட்டு வயது. புதிதாக வேலைக்கு வருகிறவரைத் தொண்ணூறு நாள் சோதனையில் வைக்கலாம், பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலே அனுப்பலாம் என்று இங்கே ஒரு சட்டம். என் வேலைக் கடிதத்திலும் அது இருந்தது. அம்மா அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தொண்ணூறு நாள் தாக்குப்பிடித்தால் தொடர்ந்து வேலைக்குப் போகலாம். இல்லாவிட்டால் பெப்ரவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் திரும்பவும் சீருடை, என்னைவிடச் சின்னதுகளோடு ஒரே வகுப்பு. சின்னதுகளில் ஒன்று என் சொந்தத் தம்பி. இதற்குமேல் நான் ஏன் அந்த வேலையை விடவில்லை என்று யாரும் கேட்க வேண்டாம்.

மொழிபெயர்ப்பு

வேலை கிடைத்த அன்று, என்ன கடை என்று அம்மா கேட்டார். நான் பொய் சொல்லவில்லை, மொழிபெயர்த்தேன். "ஆவி பிடிக்கிற சாமான் விக்கிற கடை" என்றேன். வேப்பர் என்றால் ஆவி. வாங்குகிறவர்கள் அதை உள்ளே இழுக்கிறார்கள். எங்கே பிழை? அம்மாவின் தலைக்குள் உடனே சுடுதண்ணிச் சட்டி, போர்வை, தைலம் எல்லாம் வந்துவிட்டன. அவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். மகளும் ஒருமாதிரி வைத்தியத்துறைக்குள் வந்துவிட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். அவ்வளவு சந்தோஷம். நான் திருத்தவில்லை.

கடை நகரத்தின் தெற்கே, மங்கரேயில். வீடு மேற்கே, கிளென் ஈடனில். ஒரு ரயில், இரண்டு பஸ். அவ்வளவு தூரம் அம்மா வரமாட்டார் என்பதுதான் அந்தக் கடையில் எனக்குப் பிடித்த முதல் விஷயம். ஆனால் வாசம் ரயிலில் என்னோடு வந்தது. இரண்டாம் கிழமையே அம்மா என் ஜாக்கெட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிடிபட்டேன் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதைத்தான்: "சளிக்கு மாம்பழம் ஆகாதெண்டு உன்ர முதலாளிக்குத் தெரியாதோ?"

சுரண்டிப் பார்த்தவர்

கூரை போடுகிற வேலைக்காரர் ஒருவர், பூட்ஸ் முழுக்கத் தார், வந்த வேகத்தில் கேட்டார்: "எதை விற்றால் உனக்குக் கமிஷன் இல்லையோ, அதைக் காட்டு." எதை விற்றாலும் எனக்குக் கமிஷன் இல்லை என்றேன். நம்பவில்லை. சிகரெட்டை விட வேண்டும், கையில் காசு அதிகம் இல்லை, இதற்குமுன் வேப் தொட்டதே இல்லை என்றார். இப்படித்தான் பாதிப் பேர் வருவார்கள். அவர்களுக்கு நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். டாங்க் என்பது திரவம் ஊற்றுகிற ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. அதற்குள் கொயில் என்று ஒரு கம்பிச் சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு. கம்பி சூடாகி, பஞ்சில் ஊறியதை ஆவியாக்கும். டாங்க் ஒரு தடவைதான் வாங்குவீர்கள். கொயில் இரண்டு கிழமைக்கு ஒன்று தீரும். ஆகவே டாங்க் விலையைக் கேட்காதீர்கள், கொயில் விலையைக் கேளுங்கள். மலிவாக டாங்கை வாங்கிவிட்டு அதற்குக் கொயில் எங்கேயும் கிடைக்காமல் அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிகரெட் மாதிரி இழுக்கிற சின்ன டாங்க், மேலால் திறந்து ஊற்றுகிறது, போதும்.

எல்லாம் கேட்டுவிட்டு, "இது போலியா?" என்றார். பெட்டியில் சுரண்டிப் பார்க்கிற இலக்கம் ஒன்று இருந்தது. லொத்தர் சீட்டுப் போல நகத்தால் சுரண்டி, தயாரித்தவர்களின் இணையதளத்தில் தானே போட்டுப் பார்த்தார். அசல் என்று பச்சை நிறத்தில் வந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். "பெட்டி சரி. அந்த இணையதளம் அசல் என்று யார் சொன்னது?"

கீழ்த்தட்டு

ராஜ் ஃபீஜிக்காரர். தாத்தா காலத்துக்கும் முன்னால் தென்னிந்தியாவிலிருந்து போன குடும்பம். அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்: வணக்கம், சாப்பாடு, பொய். மூன்றாவது, சின்ன வயதில் தாயிடம் அடி வாங்கும்போது கற்றது. மற்றதெல்லாம் ஆங்கிலம்.

அவர் வீட்டில் இருந்தபடி கைபேசியில் கமராவைப் பார்ப்பார். மேல்தட்டில் பெரிய டாங்குகள், வானவில் நிறத்தில், புகைமண்டலம் விடுகிறவை, திரவத்தைக் குடித்துத் தீர்க்கிறவை. புதிதாக வருகிறவருக்கு அதைக் கொடுத்தால் முதல் இழுப்பிலேயே இருமிக் கண் சிவந்து, அன்றைக்கே சிகரெட்டுக்குத் திரும்பிவிடுவார். எனவே நான் குனிந்து கீழ்த்தட்டிலிருந்து எடுப்பேன். சிகரெட்டே பிடிக்காதவர் நாகரிகத்துக்கு வாங்க வந்தால், "உங்களுக்கு எதுக்கு?" என்றும் கேட்டுவிடுவேன். நாற்பத்தோராம் நாள் கடைத் தொலைபேசி அடித்தது. வேலை போயிற்று என்றுதான் எடுத்தேன். ராஜ் கேட்டார்: "நீ ஏன் எப்பவும் கீழ்த்தட்டையே காட்டுறே? மேல்தட்டு உன்னைக் கடிக்குமா?"

ஐந்து நிமிடம்

மணியம் அங்கிள் மலேசியாக்காரர், விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிறவர். கீழ்த்தட்டு டாங்க் ஒன்று வாங்கிப் போனார். மறுநாளே அதைக் கவுண்டரில் டொக் என்று வைத்தார். கருகின வாசம். "ஏமாத்திட்டியே மா" என்றார். அவர் கொயிலைக் கெடுத்துவிட்டு நம் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். இருவரும் ஒருவரையொருவர் திருடன் போலப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கழற்றிப் பார்த்தேன். பஞ்சு கறுப்பு. புதுக் கொயில் போட்டால் பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு, டாங்கை நிரப்பி, ஊறுவதற்கு ஐந்து நிமிடம் சும்மா வைக்க வேண்டும். காய்ந்த பஞ்சில் சூடு பட்டால் கருகும். முதல் நாள் இதை அவருக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தேன். "அஞ்சு நிமிஷம் பொறுத்தீங்களா, அங்கிள்?" என்றேன். அவருக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "அஞ்சு நிமிஷம் பொறுத்திருக்கத் தெரிஞ்சா நான் ஏன் மா சிகரெட் பிடிக்கப் போறேன்?"

கொயிலும் கோயிலும்

அவர்மேல் இரக்கப்பட்டு என் நம்பரைக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருக்கும்போது அழைத்து, மறுபடியும் கருகுகிறது என்றார். "அங்கிள், அந்தக் கொயில் சரிவராது. பழசாப் போச்சு. அதை விட்டிட்டுப் புதுசுக்குப் போங்கோ" என்றேன்.

அம்மா சமையலறையிலிருந்து அகப்பையோடு வந்தார். முகத்தில் ஊரையே விசாரிக்கிற சந்தேகம். "ஆரடி அந்த மனுசன்? எங்கட கோயில்ல என்ன பழசு கண்டனி? ஆக்களைப் புதுக் கோயிலுக்குச் சேர்த்துக் குடுக்கிறதோ உன்ர வேலை?"

தைலம் போத்தல்

எண்பத்தெட்டாம் நாள், சனிக்கிழமை. ராஜ் கடையில். மணியம் அங்கிள் மூலையில் புதுச் சுவை ஒன்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. அம்மா. மூக்குச் சிவந்து, கழுத்தில் மஃப்ளர் சுற்றி, ஒரு ரயில், இரண்டு பஸ் தாண்டி வந்திருந்தார். அவருக்குச் சளி. பிள்ளை வேலை செய்கிற இடத்தில் வாங்கினால் நம்பி வாங்கலாம் என்று வந்தாராம்.

ராஜுக்கு அவர் யாரென்று தெரியாது. "வணக்கம்!" என்று ஓடிப்போய், மேல்தட்டிலிருந்து வானவில் நிறப் பெரிய டாங்கை எடுத்து நீட்டினார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பெரிசாக் கிடக்கு. எனக்குச் சளி கொஞ்சம்தான். முதல்முதல் பாவிக்கிற ஆக்களுக்கு, விலை குறைஞ்சதா ஒண்டு காட்டு பிள்ளை" என்றார். நான் பழக்கதோஷத்தில் குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டேன். மூடியையும் திறந்து காட்டிவிட்டேன். அம்மா கைப்பைக்குள்ளிருந்து தைலம் போத்தலை எடுத்தார். "இதுக்குள்ள எத்தினை சொட்டு விடவேணும்?"

மூன்றாவது சொல்

நான் வாயைத் திறக்குமுன் மணியம் அங்கிள் மூலையிலிருந்து ஒரு மேகத்தை விட்டபடி வந்தார். "அக்கா, நீங்க இவ அம்மாவா? உங்க பொண்ணு கையைப் பிடிச்சுத்தான் நான் சிகரெட்டை விட்டேன். ஒண்ணரை மாசம் ஆச்சு, ஒண்ணுகூடத் தொடலே" என்றார். பெருமையாகச் சொன்னார் பாவம். அம்மா மேகத்தைப் பார்த்தார், கையிலிருந்த டாங்கைப் பார்த்தார், சுவரில் இருந்த போத்தல்களைப் பார்த்தார். "சிகரெட்டோ?" என்றார். ஓம் என்றேன். இனி மறைத்து என்ன? "இது சளிக்கு இல்லை அம்மா. சிகரெட்டை விடுற ஆக்கள் இழுக்கிறது. உங்களுக்கு இது வேண்டாம், வைச்சிட்டுப் போங்கோ."

அம்மா கத்தவில்லை. மெல்லமாகச் சொன்னார், "மூண்டு மாசமாப் பொய் சொல்லியிருக்கிறாய்." ராஜின் காதில் அந்த மூன்றாவது சொல் விழுந்தது. ஆள் விறைத்து நிமிர்ந்தார். வாடிக்கையாளர் ஒருவர் என்னைப் பொய் சொன்னவள் என்கிறார். அவர் கையில் டாங்க் இருக்கிறது. என் தொண்ணூறில் இரண்டு நாள் மிச்சம் இருக்கிறது. "பொய்யா? இவ உங்ககிட்ட என்ன பொய் சொன்னா? போலிச் சாமான் ஏதும் வித்தாளா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஓம் என்று அம்மா ஒரு சொல் சொன்னால் போதும், எனக்குச் சீருடைதான். அம்மா தைலம் போத்தலை மூடிக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு, முதியோர் இல்லத்தில் டாக்டர்மாரோடு கதைக்கிற அந்த நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார்: "இவள் எனக்கு மட்டும்தான் பொய் சொல்லுவாள். லாபத்துக்காகப் பொய் சொல்ல இவளுக்கு மூளை காணாது."

தொண்ணூறாம் நாள்

மறுநாள் வீட்டில் என் ஜாக்கெட் மட்டும் தனியாகத் துவைக்கப்பட்டுக் கொடியில் தொங்கியது. தொண்ணூறாம் நாள் கடை மூடும்போது, ராஜ் அறைக்குள் கூப்பிட்டு, நாளைக்கும் வழக்கமான நேரத்துக்கு வா என்றார். அவ்வளவுதானா என்று நின்றேன். அவர் கமராவைக் கையால் காட்டினார். "இதைக் கழட்டிடலாம்னு பார்க்கிறேன். உன் அம்மாவுக்கு சனிக்கிழமைல வேலை செய்ய விருப்பமான்னு கேளு."

குறைந்த விலையில், முதல்முதலாக இழுக்கிறவருக்கு ஏற்ற டாங்க் எது என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், கொயில் விலையை முதலில் விசாரியுங்கள், கடை எங்கே என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.