குடிச்சிட்டேன்னு சொன்ன ஏழுமலை

குடிச்சவனை எப்படிக் கண்டுபுடிப்பேன்னா கேக்கறீங்க? மூக்காலதான். சதுரங்கப்பட்டினத்துல, குடியை வுட்ட ஆம்பளைங்க தங்கற ஜெப வூட்டுக்கு நான் வார்டன். சாயங்காலம் வேலை முடிஞ்சு வர்றவன்லாம் வரிசையா நின்னு என் மூஞ்சில ஊதணும். ஆஸ்டல் வார்டனா குப்பை கொட்டினவங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

சுத்தமான வாய்

ஏழுமலை பெயிண்டரு. பதினோரு மாசமா ஊதறான், டர்பண்டைன் வாசனை தவிர ஒண்ணும் கிடையாது. ஒரு வருசம் தாண்டினா பைபிளும் புதுத் துணியும் குடுத்து வூட்டுக்கு அனுப்பிடுவோம். நடுவுல குடிச்சா முதல் நாள்லேருந்து மறுபடியும் எண்ணணும், இங்கயே இருக்கணும். அதான் சட்டம். ஒரு நாள் ஊதிட்டு சொல்றான்: “உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து என் வூட்டுக்காரி மூஞ்சியே மறந்துபூட்டுது அண்ணாத்த.”

பழைய வெலை

வூட்டுக்குப் போவ ஒரு வாரம் இருக்கச்சே, வரிசையில நின்னுகினு, “அண்ணாத்த, நான் குடிச்சிட்டேன். எழுதிக்கோ”ன்றான். மோந்து பாத்தேன். மத்தியானம் தின்ன கருவாடு மட்டும்தான் வருது. “இன்னா குடிச்ச?” “குவார்ட்டரு.” “இன்னா வெலை?” யோசிச்சு ஒரு வெலை சொன்னான். பின்னாடி நின்ன தாசு சிரிச்சுட்டான்: “மச்சான், வெலை ஏறி ஆறு மாசம் ஆச்சு!”

ஏழுமலையை வுட்டுட்டு தாசை ரெண்டு வாட்டி ஊதச் சொன்னேன்.

சட்டத்துல இல்லாதது

குடிச்சிட்டு இல்லன்னா அதுக்கு தண்டனை கீது. குடிக்காம குடிச்சேன்னா? நான் ராத்திரி ஸ்கூல்ல படிச்ச படிப்புக்கு அது எட்டல. ஏழுமலையைத் தனியா இட்டுகினு போய்க் கேட்டேன். “இங்க நீ கீற, பூட்டின கேட்டு கீது. எங்க தெருவுல ரெண்டு பிராந்திக் கடை கீது அண்ணாத்த”ன்னு அழுவறான். பொய் சொன்னான்னு வெளிய அனுப்பறதா, குடிச்சான்னு பொய் எழுதி வெச்சுக்கறதா? ஜெப வூட்டை நடத்தற பாஸ்டராண்ட ஓடினேன். சட்டம் எழுதின பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. “ஜெபம் பண்ணலாம் வார்டன். எதுக்குன்னுதான் எனக்குத் தெரியல.”

செல்வி வந்தது

வருசம் முடிஞ்ச ஞாயித்துக்கெழமை, அவனை இட்டுகினு போவ அவன் சம்சாரம் செல்வி வந்துட்டா. சிறுசேரியில கம்ப்யூட்டர் ஆபீசு ஒண்ணுல கூட்டித் தொடைக்கற வேலை. நான் எல்லாத்தையும் சொன்னேன். அவ புருசனைப் பாக்காம என்னையே பாத்தா.

“சார், கெஞ்சி லீவு வாங்கினு வந்துகிறேன். இன்னொரு வாட்டி தரமாட்டானுங்க. பையை எடுய்யா.”

“வூட்டாண்ட வந்து குடிச்சிட்டேன்னா இன்னாடி பண்ணுவ?”ன்னான் ஏழுமலை.

“திரும்பக் கொண்டாந்து வுடறேன். பஸ்சு ஓடினுதானே கீது?”

பையை எடுத்துகினு அவ பின்னாடியே போயிட்டான். நானும் பாஸ்டரும் அந்தச் சட்டப் பேப்பரைப் புடிச்சுகினு நின்னோம்.

இத்தனை வருசத்துல குடிக்கறவனை உள்ள வெச்சுக் காப்பாத்தக் கத்துக்கினேன், குடிக்காதவனை வெளிய அனுப்பத்தான் இன்னும் புடிபடல.

கேட்டாண்டயிருந்து ஒருத்தன் கத்தறான்: “அண்ணாத்த! புது ஆளு கேட்டைப் புடிச்சுகினு உள்ள வரமாட்டேங்கறான்!”

இருங்க, வரேன்.