கோட்டுக்குக் கீழே நாலு விரல்

சாத்தூர் நாற்கரச் சாலையில் லாரி ஓட்டுகிறவர்களிடம் சீல் மாரிசாமி என்று கேட்டால் பட்டறைக்கு வழி சொல்வார்கள். வெறும் மாரிசாமி என்றால் எந்த மாரிசாமி என்று திருப்பிக் கேட்பார்கள். டிப்பர் லாரியைத் தூக்கும் ஜாக்கி, மண் அள்ளும் வண்டியின் கை, சிவகாசி அச்சகங்களில் காகிதம் வெட்டும் இயந்திரம் என்று எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்குகிற எதுவானாலும் அவரிடம் வரும். எண்ணெய் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம்தான் சீல். தடவிப் பார்த்தே அதன் அளவைச் சொல்லிவிடுவார். அவர் கைபட்டுப் போன வேலை திரும்பி வந்ததில்லை. அதை அவர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. அந்த வேலையை மனைவி முத்துமாரி பார்த்துக்கொள்வாள்.

பட்டறை வாசலில் செப்புத் தகடு ஒன்று அறைந்திருக்கும். இருபத்திரண்டு வயது வரை அவர் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே வெடிமருந்து அறைக்குள் போகுமுன் தகட்டைத் தொட்டு, உடம்பில் சேர்ந்த மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் நுழைய வேண்டும். இங்கே மருந்தும் இல்லை, திரியும் இல்லை. இருந்தாலும் காலையில் தகட்டைத் தொடாமல் அவருக்குக் கால் உள்ளே போகாது.

“எண்ணெய் டப்பாவுக்கு எதுக்குங்க இம்புட்டு மரியாதை?” என்பாள் முத்துமாரி.

அந்தப் பட்டறைக்குப் போன புரட்டாசியில் ஒரு படகு வந்தது. கடல் இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். ரோட்டில் போன சைக்கிள்காரர்கள் எல்லாம் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். மாலத்தீவில் எட்டு வருடம் படகு ஓட்டிவிட்டு வந்த ஆல்பின், கொல்லத்தில் ஒரு பெரியவரிடம் அதைப் பழசாக வாங்கியிருந்தான். தூத்துக்குடியில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போகத் திட்டம். அவனுடைய அம்மா இன்பம் சாத்தூரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் படகு நிறுத்த இடம் ஏது? அதனால் டிரெய்லரோடு கொண்டுவந்து மாரிசாமியின் கொட்டகைச் சுவரோரம் நிறுத்திவிட்டான். பெயின்ட், இருக்கை, வயரிங் என்று ஒவ்வொன்றாக அங்கேயே வைத்துப் பார்த்தான்.

ஸ்டெர்ன்டிரைவ் வகையான அந்தப் படகில் என்ஜின் உள்ளே இருக்கும். விசிறி பூட்டிய கால் மட்டும் பின்னால் வெளியே தொங்கும். ஆழத்தில் காலை இறக்கி ஓட்ட வேண்டும். கரை நெருங்கினால் தூக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் விசிறி மணலில் இடிக்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு சிலிண்டர்கள் அதைத் தூக்கிப் பிடிக்கின்றன. “நம்ம டிப்பர் ஜாக்கிக்குத் தம்பிதான்” என்றார் மாரிசாமி முதல்நாள் பார்த்ததுமே.

பொங்கல் கழிந்த வாரம், வியாழக்கிழமை காலை, ஆல்பின் முகம் கறுத்துப்போய் வந்தான். “அண்ணே, கால் நிக்க மாட்டேங்கு. தூக்குனா ஏறுது, செத்த நேரத்துல தானா எறங்குது. திங்கக்கிழமை தூத்துக்குடியில ஓட்டிக் காட்டணும். ஹோட்டல்காரக பாக்க வாராக. அவுகளுக்குப் பிடிச்சாத்தான் எனக்கு இங்கன பொழப்பு. இல்லைன்னா திரும்ப மாலத்தீவுதான்.”

“அம்மா என்ன சொல்றாக?”

“அம்மா ஜெபம் பண்ணுதாக. நீக கொஞ்சம் ஸ்பேனர் பிடிங்க.”

மாரிசாமி படகின் காலை அடிவரை இறக்கி, பம்பில் எண்ணெய் மட்டம் பார்த்தார். கொஞ்சம் குறைந்திருந்தது. ஊற்றிவிட்டுத் தூக்கினார். விசிறி முனை நின்ற உயரத்தில், பக்கத்துச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டார். கீழே காலண்டர் தாள்களை விரித்தார். அச்சகங்களில் கலர் பிசகிக் கழித்த தாள்கள் அவை. சாமி படம் உள்ளதை ஒதுக்கிவிட்டு, தேதி மட்டும் உள்ளதாகப் பொறுக்கித்தான் விரிப்பார். சாமி மேல் எண்ணெய் சொட்டக் கூடாது.

பதினோரு மணி டீயோடு வந்த முத்துமாரிதான் முதலில் பார்த்தாள். “கோட்டுக்குக் கீழ நாலு விரல் வந்திருச்சு.”

பம்பில் கோளாறா, சிலிண்டரிலா? காலை மறுபடி கோட்டுக்குத் தூக்கி, மரக்கட்டை முட்டுக் கொடுத்து, மேலே தூக்கும் எண்ணெய் போகிற ஹோஸைப் பம்பிலிருந்து கழற்றி, அதன் வாயை இறுக அடைத்தார். பிறகு முட்டை எடுத்தார். இப்போது பம்புக்கும் காலுக்கும் சம்பந்தமில்லை. மதியச் சாப்பாடு முடித்து வந்து பார்த்தால், கால் மறுபடியும் நாலு விரல் இறங்கியிருந்தது. “பம்பு மேல குத்தமில்ல. சிலிண்டர்தான்.”

ஆல்பின் அதற்குள் கொல்லத்துப் பெரியவரை போனில் பிடித்துவிட்டான். “சிலிண்டர் போனதை மறைச்சு என் தலையில கட்டியிருக்கீக. படகை நீங்களே எடுத்துக்கிடுங்க. நாளைக்கே கொண்டாந்து விடுதேன்.” அந்தப் பக்கம் அவர் மலையாளத்தில் ஏதோ கெஞ்சுவது கேட்டது. ஆல்பின் பேசிக்கொண்டே ரோட்டுப் பக்கம் போனான்.

மாரிசாமி இரண்டு சிலிண்டரையும் கழற்றி மேசையில் பிரித்தார். வலது பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. இடது பக்கத்தில், ராடு என்கிற உருக்குத் தண்டு உள்ளே போகிற வாயில், சீலின் உதடு கிழிந்திருந்தது. அந்த வழியாக ஏதோ நறநறவென்று உள்ளே போய், பிஸ்டன் வளையத்தையும் கீறியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி விரலில் தேய்த்தார். கடல் மணல் என்று நினைத்தார். மணல் இந்த நிறத்தில் இருக்காது. மஞ்சள், நடுவில் சிவப்பாக ஒரு துணுக்கு. முகர்ந்து பார்க்க வேண்டிய தேவை இல்லை, ஆனாலும் முகர்ந்தார்.

ஆயுத பூஜையன்று பட்டறையில் ஒரு ஸ்பேனர் பாக்கியில்லாமல் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தவர் அவர்தான். நம் கூரைக்குக் கீழே நிற்கிற படகை மட்டும் விடுவதா? கால் தூக்கியிருந்தது, பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்த ராடுதான் படகிலேயே அழகாகத் தெரிந்தது. மூன்று விரலால் சந்தனப் பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். வலது பக்கம் சுவர் இடித்ததால் கை எட்டவில்லை, இடதோடு விட்டுவிட்டார். மூன்று மாதத்தில் அது சிமென்ட்டாகக் காய்ந்திருக்கிறது. ஆல்பின் படகின் காலை இறக்கியபோது ராடோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது.

சந்தனத் துணுக்கைத் துணியில் துடைத்தார். புது சீல் மாட்டினால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. வெளியே ஆல்பின் மறுபடியும் பெரியவரைக் கூப்பிட்டிருந்தான், குரல் ஏறிக்கொண்டிருந்தது.

மருந்து அறையில் ஒரு வழக்கம் உண்டு. மருந்தைச் சிந்தியவன் அந்த இடத்திலேயே சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். சொன்னவனை யாரும் திட்டக் கூடாது. பத்தொன்பது வயதில் ஒருநாள் மாரிசாமி ஒரு கை மருந்தைச் சிந்திவிட்டு, புதுப்பையன் என்று சிரிப்பார்களே என்று சாக்கை இழுத்து மூடிவிட்டார். அந்தச் சாக்கின் மேல் கருப்பணன் என்கிற கூட்டாளி வந்து உட்கார்ந்தான். சாயங்காலம் வரை கதை பேசிக்கொண்டே வேலை பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த மத்தியானம் மாரிசாமியின் தூக்குவாளி திறக்கப்படவே இல்லை.

துணியைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். “தம்பி, போனை வையி. அவரு மேல தப்பில்ல. நாந்தான்.”

ஆல்பினுக்குப் புரியவில்லை. துணியை விரித்துக் காட்டி, ஆயுத பூஜையிலிருந்து சொன்னார். ஆல்பின் துணியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எண்ணெய்ச் சட்டியில பொறந்த மாதிரி இருப்பீக. ராடுல போயா பூசுவீக?”

“அதுதான் லட்சணமா இருந்துச்சு.”

“நான் அந்த மனுசனை என்னெல்லாம் பேசிட்டேன் தெரியுமா?” போனை நீட்டினான். “இந்தாங்க, நீகளே சொல்லுங்க.”

போன் இன்னும் அணையவில்லை. மாரிசாமிக்கு மலையாளம் தெரியாது. பெரியவருக்குத் தமிழ் அரைகுறை. சந்தனம் என்ற சொல் மட்டும் இருவருக்கும் பொதுவாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு கால்மணி நேரம் போராடினார்கள். முடிவில் அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு கேட்டது. பிறகு ஆல்பின் வாங்கி, திரும்பி நின்றுகொண்டு மெதுவாகப் பேசினான். எத்தனை முறை மன்னிப்புக் கேட்டான் என்று மாரிசாமி எண்ணவில்லை.

வெள்ளி முழுவதும் அந்த வேலைதான். ராடில் கீறல் ஆழமில்லை, மெழுகுபோல மெருகேற்றினார். டிப்பர் சீல் பெட்டியில் அளவு கிடைக்கவில்லை. முத்துமாரி பஸ் ஏறி மதுரை போய், பழசைக் காட்டி வாங்கிவந்தாள். “கைபட்ட வேலை திரும்பி வராதுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். இது கைபட்டதாலேயே வந்த வேலை” என்றாள். அவர் வளையத்தை வாங்கிப் பழசோடு ஒட்டி அளவு பார்த்தார். எண்ணெய் மாற்றி, ஐந்தாறு முறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றி, சனிக்கிழமை விடிந்ததும் காலைத் தூக்கிக் கோட்டில் நிறுத்தினார்.

ஞாயிறு, ஆல்பினும் இன்பமும் சர்ச் முடிந்து நேராக வந்தார்கள். விசிறி முனை கோட்டிலேயே நின்றது. டிரெய்லரை வண்டியில் பூட்டினான் ஆல்பின். இன்பம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, மாரிசாமியைப் பார்த்தார்.

“ஏன் தம்பி, கெளம்புற படகுக்குப் பொட்டு வைக்கலையா? அன்னைக்கு எம் மகன் படகுக்கும் வச்சீகளேன்னு எனக்கு அம்புட்டுச் சந்தோசம்.”

மாரிசாமி ஆல்பினைப் பார்த்தார். “முன்னால வைங்கண்ணே,” என்றான் அவன். “பின்னாடி மட்டும் போகாதீக.”

டிரெய்லரின் முன் சட்டத்தில், எதுவும் அசையாத இடமாகத் தேடி, ஒரே ஒரு பொட்டு வைத்தார். விரலில் மிச்சமிருந்ததை வேட்டியில் துடைத்துக்கொண்டார். வண்டி ரோட்டில் ஏறியதும் கொட்டகைக்கு வந்து, வெறும் சுவரில் கிடந்த கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். முத்துமாரி அழிக்கட்டுமா என்று கேட்டாள். திங்கள் போகட்டும் என்றார்.